குழந்தையின் சார்பில் ஒரு குரல்

 

பம்பாயில் வழக்கறிஞராகப் பணிபுரிந்த அண்ணல் அம்பேத்கர் வழி வந்தவர்கள் நாம். ஆகவே நம் பிள்ளைகள் சட்டக் கல்லூரியை நாடுவது இயல்பே. ஆயின், வழக்கறிஞர் தொழில் என்றதும் நிலத் தகராறும் குற்ற வழக்குமே நம் கண்முன் நிற்கின்றன. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு வீட்டில் வளரும் குழந்தைக்காக வழக்காடும் பணியையும், அதற்கு வேண்டிய பயிற்சியையும் குறித்து இன்று பேச விரும்புகிறோம். இத்துறையில் நெடுங்காலப் பட்டறிவு உடைய நாடு அமெரிக்கா.

அங்கே ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகவோ கவனிப்பாரற்றுக் கிடப்பதாகவோ அரசுக்குத் தெரிய வந்தால், அதனை விலக்கி, அரசு உதவித்தொகை பெறும் வேறொரு குடும்பத்தில் சேர்ப்பதுண்டு. இது தத்து அன்று. வளர்ப்புப் பராமரிப்பு எனப்படும் தற்காலிக ஏற்பாடு. அக்குழந்தை பெற்றோரிடம் திரும்புமா, உறவினரிடம் செல்லுமா, பிறர்க்குத் தத்தாகுமா என்பதை நீதிமன்றமே முடிவு செய்யும். அரசுக்கு வழக்கறிஞர் உண்டு. பெற்றோருக்கும் பெரும்பாலும் உண்டு. யாருடைய வாழ்வு தீர்மானிக்கப்படுகிறதோ, அந்தக் குழந்தைக்கு?

குற்றம் சாட்டப்பட்ட சிறுவருக்கு வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டென்று 1967-இல் கால்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எக்குற்றமும் செய்யாமல் வீட்டை இழந்த குழந்தையை அத்தீர்ப்பு எட்டவில்லை. 1974-இல் வந்த சட்டம், மைய அரசின் நிதி வேண்டுமாயின் இத்தகைய வழக்குகளில் குழந்தையின் சார்பில் ஒருவரை நியமிக்க வேண்டும் என மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. அவர் வழக்கறிஞராக இருந்தே தீர வேண்டும் என்று கூறவில்லை. அவர் தகுந்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்னும் சொற்கள் 2003-இல்தான் அச்சட்டத்தில் ஏறின. குழந்தையின் வளர்ச்சிப் பருவங்களைப் பற்றிய பயிற்சி 2010-இல் சேர்க்கப்பட்டது.

ஜார்ஜியா மாநிலத்தின் ஃபுல்ட்டன் கவுண்டியில் ஒரு வழக்கறிஞருக்கு 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் பதிவாகியுள்ளது. நூறு பேருக்கு மேல் கூடாது என்பது அப்போது குழந்தைகளுக்கான வழக்கறிஞர் சங்கத்தாரின் பரிந்துரையாக இருந்தது. நூறே அதிகம் என்போம் நாம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலையையும் அறிய ஓர் ஆண்டு போதுவதில்லை.

பயிற்சியில் கற்பிப்பது என்ன? சட்டப் பிரிவுகளை யாரும் படித்துவிடலாம். குழந்தையோடு பேசுவதுதான் அரிது. "புரிந்ததா?" என்று வகுப்பில் கேட்டால் எல்லாத் தலைகளும் ஆடும், கரும்பலகைக்கு அழைத்தால்தான் உண்மை தெரியும். பெரியவர் விரும்பும் விடையைக் குழந்தை தந்துவிடுகிறது. "அப்பா அடித்தாரா?" என்று கேட்பதற்கும், "அன்று வீட்டில் என்ன நடந்தது, சொல்" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு குடும்பமே சிதையக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஆறு திறன்களை வகுத்து, வாஷிங்டன், ஜார்ஜியா மாநில வழக்கறிஞர்களுக்குப் பயிற்றுவித்துச் சோதித்தனர். அவற்றுள் முதலாவது, குழந்தையின் உலகினுள் நுழைதல். நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் பேசி அது ஆகாது. குழந்தை இருக்கும் வீட்டிற்குச் செல்ல வேண்டும்; ஆசிரியரை விசாரிக்க வேண்டும்.

பிறிதொரு சிக்கலும் உண்டு. குழந்தை விரும்புவதை எடுத்துரைப்பதா, குழந்தைக்கு நன்மை என்று தாம் கருதுவதை எடுத்துரைப்பதா? அங்கு மாநிலத்திற்கு மாநிலம் வழக்கம் வேறுபடுகிறது. நன்மையைப் பற்றிப் பேச நீதிபதி முதல் அதிகாரி வரை பலர் இருக்கின்றனர். பேசத் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தை உள்ளவாறு சொல்ல ஒருவராவது வேண்டும் என்பதே நம் கருத்து. கைக்குழந்தைக்கு இது பொருந்தாதுதான்.

இனி நம் நெஞ்சைத் தொடும் பகுதிக்கு வருவோம். அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளில் 25 முதல் 35 விழுக்காட்டினர் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தனர் என 1978-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எடுத்துக் காட்டப்பட்டது. பாட்டியிடமும் உறவினரிடமும் பிள்ளையை விட்டுச் செல்வதைக் கைவிடுதல் என்று அதிகாரிகள் கருதினர். வறுமை, புறக்கணிப்பு எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு இயற்றிய சட்டம் உறவினருக்கும் தம் இனத்தாருக்கும் முன்னுரிமை தந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

செங்கற்சூளைக்குச் செல்லும் தாய் தந்தையர், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச் செல்வது நம் தெருக்களில் புதிதா? கூரை ஒழுகலாம், பாட்டியின் மடி ஒழுகுவதில்லை. இதை அறியாத ஒருவர் ஆய்வுக்கு வந்தால் என்ன எழுதுவார்? அறிந்த ஒருவர் எழுந்து நின்று சொன்னாலன்றோ விளங்கும்! அதே வேளையில், அடித்த காயத்தை ஏழ்மை என்று மூடி மறைக்கவும் கூடாது. இரண்டையும் பிரித்தறியவே பயிற்சி.

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறி. வளர்ப்புப் பராமரிப்புக்கும் அதில் இடமுண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி வழங்குகிறது. வருமான வரம்பு இல்லை. நம் குழந்தை இருவகையிலும் உரியது. கேட்பாரின்மையால் அவ்வுரிமை ஏட்டில் உறங்குகிறது.

சட்டம் முடித்து மூன்றாண்டுகள் வழக்காடியவர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர விண்ணப்பிக்கலாம். சட்டம் படியாதோரும் சட்டத் தன்னார்வலராகப் பயிற்சி பெறலாம். ஆசிரியப் பயிற்சி முடித்துக் காத்திருக்கும் நம் பெண்கள் இதற்கு மிகவும் ஏற்றவர்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் நம்மை வந்து பார்க்கலாம்.