கரை திரும்பாத கப்பல் தொழிலாளர்கள்



போர் என்றதும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்தான் நினைவுக்கு வருவார். துப்பாக்கியே பிடிக்காமல் போரில் மாண்டவர்களும் உண்டு. அவர்கள் கப்பலில் கூலி வேலை பார்த்தவர்கள்.

இரண்டாம் உலகப் போர் 1939இல் தொடங்கியது. அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களில் இந்தியர்கள் பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். அவர்களை 'லஸ்கர்' என்று அழைத்தார்கள். ரத்தினகிரி, கோவா, சில்ஹெட், சிட்டகாங் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பலர். சில்ஹெட்டும் சிட்டகாங்கும் இன்று வங்கதேசத்தில் உள்ளன.

வீட்டில் நிலம் போதாது. கடன் இருக்கும். பையன் துறைமுகத்துக்குப் போவான். பெயர் எழுதத் தெரியாதவன் பதிவேட்டில் கைநாட்டு வைப்பான். கப்பல் ஏறுவான்.

கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட வேண்டும். தளம் கழுவ வேண்டும். சமைக்க வேண்டும், பரிமாற வேண்டும். கூலியோ வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் ஒரு சிறு பங்குதான். 1939இல் கூலி உயர்வு கேட்டு லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்கும் போனார்கள்.

ஒரு கப்பலின் கதையைக் கேளுங்கள். அதன் பெயர் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. நம் காசி நகரத்தின் பெயர்தான். 1940 செப்டம்பர் 13 அன்று அது இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். வேலையாட்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

செப்டம்பர் 17, இரவு பத்து மணி. புயல் காற்று, மழை. துணைக்கு வந்த காவல் கப்பல் முன்பே பிரிந்து போயிருந்தது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று டார்பிடோவை ஏவியது. டார்பிடோ என்பது நீருக்குள் பாய்ந்து வரும் குண்டு. அரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது.

உயிர்காக்கும் படகுகள் பல கவிழ்ந்தன. படகில் இடம் கிடைத்தவர்களும் குளிரில் விறைத்தார்கள். வெப்ப நாட்டுக்கு ஏற்ற மெல்லிய பருத்தி உடையில் இருந்த லஸ்கர்கள் என்ன செய்வார்கள்? மறுநாள் பிற்பகல்தான் மீட்புக் கப்பல் வந்தது. 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டார்கள். இந்தியத் தொழிலாளரில் பாதிக்கு மேல் திரும்பவில்லை.

ஒரு படகு மட்டும் தனியே அலைந்தது. அதில் 46 பேர். அவர்களில் ஆறு பேர் சிறுவர்கள். பெரும்பாலோர் லஸ்கர்கள். அந்தப் படகுக்குத் துடுப்பு இல்லை. கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளினால்தான் நகரும். குடிக்க ஒரு சிறு குவளைத் தண்ணீர், தின்ன ஒரு பிஸ்கட், ஒரு துண்டு மீன். எட்டாம் நாள் ஒரு விமானம் அவர்களைக் கண்டது. பிறகு ஒரு போர்க்கப்பல் வந்து மீட்டது.

குழந்தைகளின் துயரத்தைப் பலரும் எழுதினார்கள். அது எழுத வேண்டிய துயரம்தான். ஆனால் அதே தண்ணீரில் மாண்ட லஸ்கர்களைப் பற்றி எழுதியவர் குறைவு. அவர்களுக்கும் ஊரில் வழி பார்த்திருந்த தாய் உண்டு. கடலில் போனவனுக்குச் சமாதி இல்லை. எந்த இடத்தில் அவள் விளக்கேற்றுவாள்?

அந்தப் போரில் மாண்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள் ஏறக்குறைய 6,000 பேரின் பெயர்கள் ஒரு நினைவுப் புத்தகத்தில் உள்ளன. ஒரு படி மும்பையில், மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது. இன்னொரு படி சிட்டகாங் போர்க் கல்லறையில் இருக்கிறது. நாடு பிரிந்தாலும் பெயர்கள் பிரியவில்லை.

கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறியவனின் பெயர் இன்று எழுத்தில் இருக்கிறது. நண்பர்களே, மும்பைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கங்களில் ஒரு பெயரையாவது வாய்விட்டுப் படியுங்கள்.