களம் மாறினால் கேவலமா?



எனக்கு முன்னால பேசின சகோதரி சொன்னாங்க: "கால்பந்து வீரன் மல்யுத்தக் காட்சிக்குப் போனா அது வீழ்ச்சி. அங்க யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க. அது விளையாட்டே இல்ல, வேஷம்." ஒத்துக்கறேன் சகோதரி, முடிவு எழுதி வச்சதுதான். ஆனா கயித்து மேல இருந்து கீழ விழறானே, அந்த அடி நிஜம். வலிக்கிற முதுகு அவன் முதுகு. (கைதட்டல்)

நம்ம பசங்க ட்ரம்ப் கார்டுல உயரம், எடை பார்த்து விளையாடினாங்களே, அந்த மல்யுத்த உலகத்துல 'ராக்'னு பேர் வாங்கின ட்வைன் ஜான்சன் முதல்ல ஃபுட்பால் வீரர். நம்ம ஃபுட்பால் இல்ல, முட்டை மாதிரி இருக்கிற பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடற அமெரிக்க ஃபுட்பால். (சிரிப்பு) 1991-ல் தேசியப் பட்டம் வென்ற மயாமி பல்கலைக்கழக அணியில் இருந்தவர். 1995-ல் கனடாவின் கால்கரி அணியில சேர்ந்தார். ரெண்டே மாசத்துல அனுப்பிட்டாங்க. அப்ப பையில இருந்தது ஏழு டாலர்னு அவரே சொல்றார். 1996-ல் மல்யுத்த மேடை ஏறினார். பின்னால படக் கம்பெனி ஆரம்பிச்சப்ப அந்த ஏழு டாலரையே பேரா வச்சார். பட்ட கஷ்டத்தை மறைக்கலீங்க, போர்டுல எழுதினார்!

"எல்லாரும் ராக் ஆக முடியுமா?"ன்னு கேட்பீங்க. முடியாது. உத்தரப் பிரதேசத்துல ஒரு லாரி டிரைவர் மகன் ரிங்கு சிங். ஈட்டி எறிஞ்சவர். 2008-ல் பேஸ்பால் எறியற போட்டியில முதலிடம். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் போட்டது. அந்தக் கதைதான் 2014-ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம். இசை நம்ம சென்னைக்காரர் ஏ.ஆர். ரஹ்மான். படம் சுபமா முடிஞ்சது. வாழ்க்கை அப்படி முடியுமா? காயம் மேல காயம். மேஜர் லீக்கைத் தொடாமலே பேஸ்பால் போச்சு. 2018-ல் மல்யுத்தத்துக்குப் போனார். நெத்தியில பட்டை, கழுத்துல ருத்ராட்சம், 'வீர் மகான்'னு பேர். 2024-ல் அதையும் விட்டார். ஒரு கதவு மூடினா அவர் திண்ணையில உட்காரல, அடுத்த கதவைத் தட்டினார்.

ஜெர்மனியின் டிம் வீஸ, 2010 உலகக் கோப்பை அணியில் இருந்த கோல்கீப்பர். 2016 நவம்பரில் மியூனிக்கில் மல்யுத்த மேடை ஏறினார், ஜெயிச்சார். ஒரே ஒரு ராத்திரி, அதோட சரி. 2017-ல் ஒரு சின்ன ஊர் அணிக்கு மறுபடி கோல் காக்க நின்னார். அதுல என்ன கேவலம்?

நடுவர் அவர்களே, நானும் கோல்கீப்பர்தான். பட்டினப்பாக்கம் மணல்ல விழுந்து புரண்டு பழகினவன். 24 வயசுல முழங்கால் போச்சு. ஆடின கிளப்பிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்க்கல. இன்னிக்கு தி. நகர்ல ஒரு ஜவுளிக்கடையில புடவை விரிச்சுக் காட்டறேன். பழைய டீம் பசங்க தீபாவளிக்குத் துணி எடுக்க வந்தா, மூணு வருஷம் மாடிக்கு ஓடி ஒளிஞ்சுக்கிட்டேன். ஒருநாள் எங்கம்மா கேட்டாங்க: "பந்து பிடிச்ச கைதானேடா இப்ப சோறு போடுது? அதை ஏன்டா ஒளிச்சு வைக்கிறே?" (அரங்கம் அமைதி)

அன்னியிலிருந்து நான் ஒளியறதில்லை. போன மாசம் எங்க பழைய கேப்டனுக்கே புடவை எடுத்துக் கொடுத்தேன், அவர் பொண்ணு கல்யாணத்துக்கு.

ஆடின பையன் ஆட்டத்தை விட்டு வந்து நின்னா, "ஏன்டா விட்டே?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டியா, அடுத்து என்ன பண்ணப் போறே?"ன்னு கேளுங்க. களம் மாறலாம், உழைச்ச உடம்பு அதேதான். களம் மாறுவது கேவலம் இல்லை என்று சொல்லி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)