ஏழை உழவரின் கணக்கு



உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வார்கள். உழவருக்குக் கணக்கே தெரியாது என்று நினைத்த அறிஞர்களும் உண்டு. 1950களில் பொருளாதாரத் துறையில் அந்த எண்ணம் ஊறிக் கிடந்தது. ஏழை நாட்டு உழவர் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர், வயலில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், சிலரை ஆலைக்கு அனுப்பினாலும் விளைச்சல் குறையாது என்றெல்லாம் பேசினார்கள்.

இதை மறுத்து வாதாடியவர் தியோடர் ஷூல்ட்ஸ். 1979இல் பொருளாதார நோபல் பரிசை ஆர்தர் லூயிஸுடன் பகிர்ந்துகொண்டவர். கிராமத்தில் உபரி உழைப்பு இருக்கிறது என்ற கோட்பாட்டை 1954இல் முன்வைத்தவர் அதே லூயிஸ்தான். எதிரெதிர்க் கருத்துடைய இருவரையும் ஒரே ஆண்டில் பாராட்டியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஷூல்ட்ஸ் தன் வாதத்துக்குச் சான்று எடுத்தது நம் நாட்டிலிருந்து. உத்தரப் பிரதேசத்தில் சேனாபூர் என்றொரு சிற்றூர். டேவிட் ஹாப்பர் என்ற ஆய்வாளர் அங்கே தங்கி, எந்த நிலத்தில் என்ன விதைத்தார்கள், எவ்வளவு நீர் பாய்ச்சினார்கள், மாட்டை எத்தனை நேரம் பூட்டினார்கள் என்று எழுதி வைத்திருந்தார். குவாத்தமாலாவின் பனஹாசெல் ஊரிலிருந்தும் அப்படி ஒரு பதிவு கிடைத்தது. இரண்டையும் ஆராய்ந்து 1964இல் வெளியிட்ட நூலில் ஷூல்ட்ஸ் சொன்னது இது: கையிலிருக்கும் நிலம், நீர், மாடு, விதை இவற்றைக் கொண்டு எடுக்கக்கூடியதை இவர்கள் ஏற்கெனவே எடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் நிபுணர் அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கினால் பெரிதாக ஒன்றும் கூடாது. அவர்களுக்குக் கிடைக்காதவை நல்ல விதை, உரம், படிப்பு. குறை உழவரின் புத்தியில் இல்லை.

உபரி உழைப்பு வாதத்தைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது 1918-19இல் இந்தியாவைச் சூறையாடிய இன்புளூயன்சா. வயலில் உபரி ஆட்கள் இருந்திருந்தால், அத்தனை சாவுக்குப் பிறகும் விதைத்த பரப்பு குறைந்திருக்கக் கூடாது. குறைந்திருந்தது, சாவு மிகுந்த மாகாணங்களில் கூடுதலாகக் குறைந்திருந்தது என்று காட்டினார். கொள்ளைநோயில் குடும்பம் குடும்பமாகப் போகும்போது அந்த வீட்டு நிலமே தரிசாகிவிடுமே, அதை வைத்து எப்படி முடிவு சொல்வது என்று அமர்த்தியா சென் 1967இல் மறுப்பு எழுதினார். வலுவான மறுப்பு அது. ஷூல்ட்ஸும் பதில் எழுதினார்.

ஷூல்ட்ஸின் நேர்மைக்கு இதற்கெல்லாம் முன்பே, 1943இல், ஒரு சோதனை வந்தது. அப்போது அவர் அயோவா மாநிலக் கல்லூரியில் பொருளாதாரத் துறையின் தலைவர். போர்க்காலம். வெண்ணெய்க்குப் பதிலாக மார்கரின் பயன்படுத்தலாம், சத்தில் அது குறைந்ததல்ல என்று அவருடைய துறையின் இளம் ஆய்வாளர் பிரவுன்லீ ஒரு சிறு வெளியீடு எழுதினார். அயோவா பால் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். கல்லூரி பணிந்து அதைத் திரும்பப் பெற்றது. ஷூல்ட்ஸ் பதவியை விட்டுவிட்டுச் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அத்தனைக்கும் அவரே பண்ணை வீட்டுப் பிள்ளை. தன் இனத்தாருக்குக் கசந்தாலும் ஆய்வு சொன்னதை விட்டுக்கொடுக்கவில்லை. பரிசுக்கு ஆள் தேடும் குழுக்கள் கட்டுரைகளை எண்ணுவதற்கு முன் இப்படிப்பட்ட நாட்களைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

தெற்கு டகோட்டாவில் 1902இல் பிறந்தவர் அவர். படித்துவிட்டால் மகன் பண்ணையில் தங்க மாட்டான் என்று எட்டாம் வகுப்போடு தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். பிறகு குளிர்காலத்தில் மட்டும் நடந்த வேளாண் வகுப்பில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1930இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். ஸ்டாக்ஹோமில் ஆற்றிய நோபல் உரையில், உழவின் எதிர்காலத்தை முடிவு செய்வது மண்ணின் பரப்பு அல்ல, அதில் பாடுபடும் மக்களின் உடல்நலமும் கல்வியும்தான் என்று வாதாடினார்.