நாண்மலரும் ஒருநாள் தாளும்



சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் பஃபலோ சாலை இருக்கிறது. அங்குள்ள பூக்கடைகளில் மல்லிகையை மொட்டாகவே தொடுத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மாலையில் அது விரிந்து மணக்கும். மறுநாள் வாடிக் குப்பைக்குப் போகும். இவ்வாறு அன்றைக்கே ஆயுள் முடியும் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் 'எஃபெமெரா' என்று பெயர். அந்தச் சொல்லின் பிறப்பைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இது கிரேக்கச் சொல். 'ஹெமெரா' என்றால் நாள். ஒரு நாளளவே இருப்பது எஃபெமெரா. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், ஆற்றோரத்தில் தோன்றிப் பொழுது சாய்வதற்குள் மடியும் ஒரு பூச்சிக்கு இப்பெயர் வழங்கியதைக் குறித்திருக்கிறார். அந்த இனப் பூச்சி, குஞ்சாகத் தண்ணீருக்குள் பல மாதம் வாழ்கிறது. இறகு முளைத்த பிறகு இரை தின்ன அதற்கு வாய் பயன்படாது. இணை சேர்ந்து, முட்டையிட்டு, இறந்துவிடும்.

நமக்கு உடனே ஈசல் நினைவுக்கு வரும். மழை விட்ட இரவில் லயத்து விளக்கைச் சுற்றிப் பறந்து, விடியும்போது வாசலெல்லாம் இறகாய்க் கிடக்கும். ஈசலின் வாழ்வு ஒரு நாள் என்கிறோம். பெரும்பாலானவற்றுக்கு அது உண்மைதான். ஆனால் தப்பிய இணை இறகை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து, புதிய கறையான் குடியைத் தொடங்கும். அந்த அரசி பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். போனது இறகு மட்டுமே.

தமிழில் அன்று பூத்த பூவை 'நாண்மலர்' என்பார்கள்; நாள் மலர் என்று பிரியும். கிரேக்கர் மாலையில் நின்று, முடிந்துபோனதே என்று பார்த்தார்கள். நம்மவர் காலையில் நின்று, புதிதாயிற்றே என்று பார்த்தார்கள். நமக்கு நம்மவர் பார்வையே பிடித்திருக்கிறது!

பூச்சியின் பெயர் பின்னர் காகிதத்துக்கும் வந்தது. 1751இல் சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கில அறிஞர், அன்றன்று வெளிவரும் தாள்களை இப்பெயரால் குறித்தார். இன்று நூலகத்தார் பயணச் சீட்டு, துண்டறிக்கை, திருமண அழைப்பு, கடை ரசீது எல்லாவற்றையும் இதில் சேர்க்கிறார்கள். சிராங்கூன் பக்கம் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், முன்னோர் காலத்துப் பொருள்களும் ஆவணங்களும் காட்சிக்கு இருக்கின்றன.

தோட்டத்து மக்களாகிய நமக்கு இது வேடிக்கைப் பேச்சன்று. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த தாத்தாவின் சீட்டு, இறங்கிய அன்றே வேலை முடிந்த தாள். பெயர்ப்பதிவுத் துண்டும் அப்படித்தான். ஆனால் மலேசியாவில் 1969இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, இங்கே பிறந்தும் பிறப்புப் பத்திரம் காட்ட முடியாத எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் தவித்தன. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அடுப்பில் போன தாளை யாரிடம் போய்க் கேட்பது?

பிள்ளைகளே, வீட்டு டிரங்குப் பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் ஏற்றி வையுங்கள். பழைய தாள் கிடைத்தால், அது யாருடையது, எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேட்டுத் தனித் தாளில் எழுதி உடன் வையுங்கள். மழைக்காலம் வந்தால் பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். வாசலில் இறகை விட்டுப் போன ஈசலின் குடும்பத்துக்குக் காகிதம் மிகவும் பிடிக்கும்.