கூரையில் விளையும் மின்சாரம்



கொல்கத்தாவின் தெற்கே கரியாஹாட் என்ற பகுதி இருக்கிறது. அது பெரிய கடைத்தெரு. சேலைக் கடை, மீன் கடை, நடைபாதைக் கடை எல்லாம் அங்கே உண்டு. பக்கத்தில் உள்ள லேக் மார்க்கெட்டில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள்.

அங்கே மாடி வீடுகள் நெருக்கமாக நிற்கின்றன. கோடையில் மின்விசிறி ஓயாமல் சுற்றுகிறது. மின்கட்டணம் ஏறுகிறது. ஆனால், மொட்டை மாடியில் வெயில் வீணாகிறது. அந்த வெயிலை மின்சாரமாக மாற்ற முடியுமா?

முடியும். அதே கொல்கத்தாவின் நியூ டவுனில் 2008ஆம் ஆண்டு 25 சூரிய வீடுகள் கட்டப்பட்டன. அந்தக் குடியிருப்புக்கு ரபிரஷ்மி என்று பெயர். ரபிரஷ்மி என்றால் சூரியக் கதிர். பகலில் மிஞ்சும் மின்சாரம் பொதுக் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து மின்சாரம் வரும்.

அப்படியானால், தகடு வாங்கி மாட்டினால் போதுமா? போதாது. அதை மாணவர்கள் செய்து காட்டினார்கள்.

2014ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் வெர்சாய் நகரில் சூரிய வீட்டுப் போட்டி நடந்தது. 20 அணிகள் கலந்துகொண்டன. மும்பை ஐ.ஐ.டி. மாணவர்களும் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து போனார்கள். அணியின் பெயர் சூன்யா. இந்தியில் அதற்குப் பூஜ்யம் என்று பொருள்.

படம் வரைந்தால் போதாது. உண்மையான வீட்டைக் கட்ட வேண்டும். அதைப் பிரித்துக் கப்பலில் அனுப்ப வேண்டும். போன இடத்தில் சில நாட்களிலேயே மறுபடி கட்ட வேண்டும். அதில் சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். வீடு எவ்வளவு மின்சாரம் தருகிறது, எவ்வளவு தின்கிறது என்று கணக்குப் பார்ப்பார்கள்.

மின்துறை மாணவருக்குத் தகடு தெரியும். தகடு கூடினால் கூரையில் பாரம் கூடுமே! அந்தக் கணக்கு கட்டடத் துறை மாணவருக்குத்தான் தெரியும். சன்னல் பெரிதானால் வெளிச்சம் வரும். கூடவே வெப்பமும் வரும். அதைக் குறைக்கும் வழியை இயந்திரத் துறை மாணவர் சொல்ல வேண்டும். ஒருவர் கணக்கு தப்பினால் எல்லார் உழைப்பும் வீண். அதனால் எல்லாரும் கூடிப் பேசினார்கள். ஊர் கூடினால்தானே தேர் நகரும்?

இந்தப் பாடம் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். முதலில் மின்கட்டண ரசீதை எடுத்துப் படியுங்கள். எத்தனை யூனிட் செலவாகிறது என்று பாருங்கள். பழைய குண்டு பல்பை மாற்றி எல்.இ.டி. பல்பு போடுங்கள். செலவு குறைந்தால் குறைந்த தகடே போதும்.

ஒரு கிலோவாட் தகட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் கிடைக்கும். தகடு தெற்கே பார்த்திருக்க வேண்டும். ஓரத்தில் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். கரியாஹாட் போன்ற நெருக்கமான இடத்தில் பக்கத்து மாடியின் நிழலையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பார்க்க வேண்டும்.

2024ஆம் ஆண்டு மத்திய அரசு வீட்டுச் சூரியத் தகடுகளுக்கு ரூ.78,000 வரை மானியம் அறிவித்தது. தகடு விற்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கூரை பாரம் தாங்குமா? நிழல் விழுமா? எனக்கு எத்தனை யூனிட் வேண்டும்? பதிலை எழுதி வாங்குங்கள். படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.