பொதுப்பணமும் கணக்கும்



ஜகாத் வசூலித்துத் திரும்பிய இப்னுல் லுத்பிய்யா, ஒரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென ஒதுக்கிக்கொண்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது பொதுப்பணம்.

1995ஆம் ஆண்டு வக்ஃப் சட்டப்படி முத்தவல்லி வாரியத்திற்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். நமக்கு அது மட்டும் போதாது. ஜகாத் பெறத் தகுதியுடையோர் எட்டு வகையினர். பள்ளியின் மின்கட்டணம் அதில் இல்லை. ஆகவே ஜகாத்துக்கும் வக்ஃப் வாடகைக்கும் தனித்தனி ஏடுகள் வேண்டும். ஜும்ஆவுக்குப் பின் எவரும் புரட்டிப் பார்க்கட்டும். என் சம்பளமும் அங்கேதான் இருக்கிறது, கூச்சமின்றிப் பாருங்கள்.

ஆனால், உதவி பெற்ற விதவையின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதாதீர்கள். அதற்கு அஞ்சியே விண்ணப்பம் தராதவர்கள் நம் மஹல்லாவில் இருக்கின்றனர். எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை என்பதை மட்டும் எழுதுங்கள். பெயர்ப்பட்டியலை ஜமாஅத் தேர்ந்தெடுக்கும் இருவர் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும்.