தேர்தலுக்கு மறுநாள்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவிற் பேசியது)



சமய விழா மேடையிற் பிரதேச சபையைப் பற்றிப் பேசலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். கதிர்காம யாத்திரிகர் வெருகல் வேலவனைத் தரிசித்துவிட்டு, ஆற்றைக் கடந்து, நம் கதிரவெளி வழியாகவே வாகரைக்கு நடந்து போகிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது நம்முடைய தொண்டு. அவர்கள் தங்கிப் போன இடத்துக் குப்பையை அள்ளுவதும் ஒழுங்கைகளுக்கு வெளிச்சம் போடுவதும் சபையின் வேலை. ஆகவே தொண்டுக்கும் சபைக்கும் தூரம் அதிகமில்லை.

முன்னாளில் நம் பெரியோர் கண்டது கிராமச் சங்கம். 1981இல் அது ஒழிந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உண்டாக்கியது. சட்டம் பிறந்தாலும் நம் பகுதிக்கு அமைதி பிறக்கவில்லை. 2004 டிசம்பர் 26இற் கடல் பெருகிக் கரையூர்களை அழித்தது. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தோர் தஞ்சமடைந்திருந்த நம் ஊர்ப் பாடசாலையில் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரைவிட்டு ஓடி, 2007இல் மீண்டு வந்து, கூரை சரிவரப் போடுமுன்னரே 2008 மார்ச் 10இல் சபைத் தேர்தலைக் கண்டோம்.

இவ்வளவு பட்டு வந்த வாக்குரிமை பின்னரும் முடக்கப்பட்டது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லை என்று தேர்தலைத் தள்ளினார்கள். நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2025 மே 6இற்றான் வாக்களித்தோம். இடையில் இரண்டாண்டுக்கு மேலாக உத்தியோகத்தரே சபையை நடத்தினர். உத்தியோகத்தர் நல்லவராயிருக்கலாம், ஆனால் நம் ஒழுங்கை இருண்டு கிடந்தால் அவரை வாக்கினால் மாற்ற நமக்கு வழியில்லை.

இனி, நாம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். 2018 முதல் உள்ள கலப்பு முறையில் அறுபது வீதம் வட்டாரத்திலும் நாற்பது வீதம் பட்டியலிலும் தெரிவாகிறது. இம்முறையில் ஒரு கட்சி தனித்துப் பாதிக்கு மேல் எடுப்பது அரிது. எடுக்காவிட்டால், தவிசாளர் யார் என்பதை அங்கத்தவர்களே கூடித் தீர்மானிப்பார்கள். அங்கே நம் வாக்கு இல்லை. எந்தக் கட்சிக்கு எதிராக வாக்களித்தோமோ, அக்கட்சியோடே நம் அங்கத்தவர் கைகோத்து நிற்பதை மறுநாட் காலையிற் கேள்விப்படலாம். கூட்டுச் சேர்வது குற்றமென்று நாம் சொல்லவில்லை. சேராமற் சபை நடவாது. எதைப் பேசிச் சேர்ந்தார்கள், நம் வட்டாரத்துக்கு என்ன கேட்டார்கள் என்பதை ஊருக்குச் சொல்லவேண்டாமா? சந்தியிற் பட்டாசு கொளுத்திய நம் வாலிபர்கள் மறுநாள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேட்பாளர் எந்தப் பகுதியார், யாருக்கு மருமகன் என்று விசாரிக்கும் சாமர்த்தியத்தில் மட்டும் நமக்குக் குறைவில்லை!

வரவு செலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றால் தவிசாளர் பதவியிழக்கவும் நேரலாம். ஆதலால் ஆண்டு முடிவில் ஒவ்வொரு அங்கத்தவர் கைக்கும் விலை ஏறும். ஒரு கிணறு, ஒரு மதகு, ஒரு மயானப் பாதை அப்போதுதான் பேசிப் பெறப்படும். கேட்க வேண்டியதை அதற்கு முன்னரே கேட்டுவிட வேண்டும். அதிலும் சபையின் பாதை எது, வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பெருந்தெரு எது என்று தெரிந்து கேட்க வேண்டும். திருகோணமலைப் பெருந்தெருப் பள்ளத்துக்காகத் தவிசாளரை ஏசிப் பயனில்லை.

கணக்குக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாற் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் சங்கத்தில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் பலர் உண்டு. இருவர் ஊரைச் சுற்றி எரியாத விளக்குகளையும் இடிந்த மதகுகளையும் எண்ணி எழுதட்டும். கால்வாசி இடம் பெண்களுக்கென்று சட்டம் ஒதுக்கியிருப்பதால், ஒருவர் தங்கையாராக இருப்பது நலம். அந்தப் பட்டியலை நம் அங்கத்தவர் கையிற் கொடுத்து, ஒரு பிரதியிற் கையெழுத்தும் வாங்கி வைப்போம்.